பளபளக்கும் தகரக் கூரையும் வெள்ளைப் பூச்சும்

பூச்சு இல்லாத பளபளக்கும் துத்தநாகத் தகடு வெயிலைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புவதால், அதற்கு வெள்ளை அடிப்பது வீண் செலவு என்று ஒரு பதிவு கூறுகிறது. அது சரியல்ல என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதை நம்பி வெள்ளையடிப்பதைக் கைவிடுவோர் வீட்டில் பகல் முழுவதும் அனல் இறங்கும்.

புதிய தகடு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவது உண்மையே. ஆனால் உறிஞ்சிய மிச்ச வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியேற்றும் திறன் (0 முதல் 1 வரையிலான அளவில்) வெள்ளைப் பூச்சுக்கு ஏறத்தாழ 0.9 ஆக இருக்க, பளபளக்கும் துத்தநாகத்துக்கு அது பொதுவாக 0.3-க்கும் குறைவு. ஆகவே வெப்பம் தகட்டிலேயே தேங்குகிறது. (கூரைக்கு அடியில் காற்றிடைவெளி விட்டுக் கட்டும் அலுமினியத் தாளுக்கு இதே குணம் நன்மையாகிறது, குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.)

ஒரே தகட்டிலிருந்து இரு துண்டுகளை வெட்டி, ஒன்றுக்கு மட்டும் வெள்ளையடித்துக் காயவிட்டு, காற்று குறைந்த உச்சிவெயிலில் அருகருகே வைத்து, அரை மணி நேரம் கழித்து அடிப்பக்கத்தை அளந்து பார்க்கலாம். வெறும் தகட்டின்மேல் அகச்சிவப்பு வெப்பமானியை நேரடியாக நீட்டினால் உண்மையைவிடக் குறைந்த அளவையே காட்டும் என்பதால், இரண்டின் அடியிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு முன்கூட்டியே ஒட்டி, அந்த டேப்பின் மீதே அளக்க வேண்டும்.