ஒன்பது வருஷ அமாவாசை

குல்சார் இயக்கிய ‘ஆந்தி’ என்ற இந்திப் படத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் இந்திரா காந்தி வந்துவிடுகிறார். வராமல் எப்படி இருப்பார்? படத்தின் நாயகிக்கு முன்முடியில் அதே வெள்ளைக் கீற்று, அதே மாதிரிப் புடவைக்கட்டு, அதே விறுவிறு நடை. 1975 தொடக்கத்தில் படம் வந்தபோது தென்னிந்தியாவில் ‘உங்கள் பிரதமரைத் திரையில் பாருங்கள்’ என்றே போஸ்டர் அடித்தார்களாம். (சினிமாக்காரர்களுக்கு வாய்க்கொழுப்பு அன்றைக்கே அதிகம்.) ஜூன் மாதம் நெருக்கடி நிலை வந்தது, ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினார்கள். 1977-இல் இந்திரா தோற்ற பிறகுதான் தடை நீங்கியது. ‘கிஸ்ஸா குர்ஸி கா’ என்ற அரசியல் கிண்டல் படத்தின் பிரதிகளையே எரித்த காலம் அது. அந்த வகையில் இந்தப் படம் தப்பித்தது.

இந்தத் தடைக்கதையைச் சொல்லிச் சொல்லியே படத்துக்குள் இருக்கும் கதையை மறந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. போன வாரம் மூன்றாவது முறையாகப் பார்த்தேன், இந்த முறை அக்காவோடு.

ஆரத்தி தேவி பெரிய இடத்துப் பெண். ஹோட்டல் மேனேஜர் ஜே.கே.யைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள், ஒரு பெண் குழந்தையும் பிறக்கிறது. அப்பாவுக்கு மகள் அரசியலில் வளர வேண்டும், கணவனுக்கு மனைவி வீட்டில் இருக்க வேண்டும். பிரிகிறார்கள். பல வருஷம் கழித்து ஓட்டுக் கேட்டு வந்த ஊரில் அவள் தங்குவது அவனுடைய ஹோட்டலில். பகலில் அவள் தலைவர். ராத்திரியில் இரண்டு பேரும் ஊருக்குத் தெரியாமல் நடக்கப் போகிறார்கள்.

காஷ்மீரில் மார்த்தாண்ட சூரியன் கோயில் இடிபாடுகளில் எடுத்த அந்த ‘தேரே பினா’ பாட்டு. ஆர்.டி. பர்மன் இசை, லதா, கிஷோர் குரல் எல்லாம் சரி. பாட்டின் நடுவே வரும் பேச்சுதான் என்னை ஒவ்வொரு முறையும் கவிழ்க்கிறது. நிலா தினமும் வருமே என்கிறாள் அவள். இடையில் அமாவாசை வந்துவிடுகிறது, இந்தத் தடவை அமாவாசை ரொம்ப நீளம் என்கிறான் அவன். ஒன்பது வருஷம், இல்லையா என்கிறாள் அவள். என் அரைகுறை இந்திக்கே தொண்டை அடைக்கிறது.

சரி, இப்போது என் மனக்குறை. ஜே.கே. நல்லவன், சிக்கலே அதுதான். கத்துகிறவனாகவோ கை ஓங்குகிறவனாகவோ இருந்திருந்தால் நமக்கு வேலை சுலபம். ஜே.கே.யாக வரும் சஞ்சீவ் குமார், ஆரத்தியாக வரும், தன்னைவிட ஏழு வயது மூத்த சுசித்ரா சென்னுக்கு எதிரில் நின்று, அந்த நரைத்த பொறுமையால் நம்மை வாங்கிவிடுகிறார். அதற்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. அவன் காயத்துக்கு இத்தனை பாட்டு உண்டு. ஆரத்தி ஜெயித்து என்ன செய்யப் போகிறாள் என்று மட்டும் படம் அக்கறையாகக் கேட்கவே இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வரும் தலைவர்களைக் கிண்டலடிக்க ஒரு முழுப் பாட்டு வைத்த குல்சாருக்கு இது தோன்றாமலா போயிருக்கும்?

அப்புறம் அந்தக் கடைசிக் கூட்டம். ராத்திரி யாரோடு சுற்றினாள் என்று எதிராளி மேடை போட்டுக் கேட்கிறான். அவள் அங்கேயே போய் நின்று, அவர் என் கணவர் என்று அழுகிறாள். கூட்டம் கரைகிறது, ஜெயிக்கிறாள். முதல் முறை பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண் ஓட்டு வாங்கத் தாலிக்கணக்கு காட்ட வேண்டுமா? நம் ஊர் மேடைகளிலும் பெண் தலைவர்களைப் பற்றி என்னவெல்லாம் பேசினார்கள் என்று கேட்டு வளர்ந்தவன்தானே நான்.

இந்த முறை சுசித்ரா சென்னின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை நிஜம். அந்த அழுகையை எந்த மேடையில் அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததும் நிஜம். அந்தக் கூட்டத்தில் அவளை விடக் கெட்டிக்கார அரசியல்வாதி யாரும் இல்லை.

ஆனாலும் ஜெயித்தவள் டெல்லிக்குப் போகிறாள், அவன் அங்கேயே நின்றுவிடுகிறான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஏன்டா, டெல்லியில ஹோட்டலே இல்லியா? இவன் அங்க போய் மேனேஜரா இருக்கக் கூடாதா?”