2023 வத்திக்கான் அறிக்கையில் உண்மையில் இருப்பது

"காலத்தோடு ஒத்துப்போக 2023இல் போப் ஓரினத் திருமணத்தையே ஏற்றுக்கொண்டார், இனி கத்தோலிக்கத் திருச்சபையில் பாவம் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. டிசம்பர் 18 அன்று வத்திக்கானிலிருந்து வந்த அந்த அறிக்கையிலேயே, திருமணம் ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற போதனை மாறவில்லை என்று தெளிவாக இருக்கிறது. ஆசி கேட்டு வருகிற ஓரின ஜோடிகளுக்குக் குருவானவர் சுருக்கமாக ஒரு ஆசி சொல்லலாம், அதுவும் வழிபாட்டுச் சடங்காக இல்லாமல், கல்யாண உடையோ அதற்குரிய வார்த்தைகளோ இல்லாமல், அவ்வளவுதான். அடுத்த மாதம் கொடுத்த விளக்கத்தில் அந்த ஆசி 10, 15 விநாடி என்றுகூடச் சொன்னார்கள். சரி, இதுவே சமரசம்தான் என்று நீங்கள் வாதாடலாம், அதில் நியாயம் இருக்கிறது, 2024 ஜனவரியில் ஆப்பிரிக்க ஆயர்களே இந்த ஆசியை ஏற்க மறுத்தார்கள். ஆனால் சொல்லாததைச் சொன்னதாகப் பரப்பாதீர்கள், நம்பிக்கையுள்ள எத்தனையோ பேர் இதைப் படித்துக் கலங்கிப்போகிறார்கள்.