டாஸ்க் மேனேஜரைத் திறக்காமலே தீர்ப்பு எழுதும் மகான்களுக்கு

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கா? ஃபார்மேட் அடிச்சிடு."

டிஸ்க்கை முழுசாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லும் இந்த அறிவுரையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எவ்வளவு ராம், என்ன டிஸ்க், எப்போதிலிருந்து இப்படி, எதைத் திறந்தால் தொங்குகிறது... ஒரு கேள்வி கிடையாது, நேராகத் தீர்ப்பு! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. கொளுத்தின பிறகும் பூச்சி சாகவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸைப் புதிதாகப் போட்டால் கொஞ்ச நாள் ஓடும். அப்டேட் இறங்கி, சர்ச் இண்டெக்ஸ் (தேடலுக்கான பட்டியல்) கட்டி, பிரவுசர் கேஷ் (பார்த்த பக்கங்களின் நகல்) நிரம்பியதும் பழையபடி தவழ ஆரம்பிக்கும். உடனே அடுத்த ஃபார்மேட்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கம்ப்யூட்டருக்குள் எது எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். குற்றவாளி யார் என்று அங்கேயே எழுதியிருக்கிறது ஐயா! ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

முதலில் டிஸ்க். ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் கீழே வேகம் 1 அல்லது 2 எம்பி தான் காட்டும். "ஒண்ணுமே ஓடலையே, எப்படி 100?" என்று குழம்புவார்கள். சுழலும் டிஸ்க்கில் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் ஹெட் (படிக்கும் முனை) இடம் மாறி, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். விநாடிக்கு நூறு கோரிக்கை தேறினாலே பெரிது. சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்தான் எஸ்எஸ்டி; சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டி கூடப் பல்லாயிரம் பார்க்கும். பக்கத்திலேயே இருக்கும் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைமையும் பாருங்கள். நல்ல எஸ்எஸ்டியில் ஓரிரு மில்லிசெகண்டில் நிற்க வேண்டிய எண், இங்கே நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரத்துக்கு மேலும் போகும். இதற்கு மருந்து எஸ்எஸ்டி ஒன்றுதான். எத்தனை முறை ஃபார்மேட் அடித்தாலும் ஹெட் வேகமாக ஓடாது.

அதைவிடக் கொடுமை, சாகக் கிடக்கிற டிஸ்க்கை ஃபார்மேட் அடிப்பது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவு தெரியும். 05 (கெட்டுப்போய் இடம் மாற்றப்பட்ட செக்டார், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதி), சி5 (படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டார்) இரண்டில் எதிலாவது ரா வேல்யூஸ் (Raw Values) எண் பூஜ்யத்தைத் தாண்டினால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் ஃபைல்களை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். சி7 (தகவல் வந்துபோகும் வழியில் நேர்ந்த பிழை) மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க் மேல் தப்பில்லை, சாட்டா கேபிள்தான் காரணம். கேபிளைக் கழற்றி மாட்டவோ மாற்றவோ செய்தால் முடிந்தது. அதற்குப் போய் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறவர்களை என்ன சொல்ல!

அடுத்தது மெமரி. 4 ஜிபி ராமில் விண்டோஸ் 11 ஓடும் என்பது குறைந்தபட்சத் தகுதி. நிறுவ முடியும் என்பதைத் தாண்டி அதற்கு அர்த்தம் கிடையாது. மெமரி பக்கத்தில் கமிட்டட் (புரோகிராம்களுக்கு ஒதுக்கிய மொத்த மெமரி) என்ற இடத்தில் இடதுபக்க எண், மாட்டியிருக்கும் ராமைவிட நன்றாகக் கூடியிருந்தால், மீதிச் சுமை பெரும்பாலும், ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலில்தான் விழுகிறது. சுழலும் டிஸ்க்கும் குறைந்த ராமும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ராம் வாங்கும் முன் ஸ்லாட் எத்தனை, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அதே பக்கத்தில் பாருங்கள். பழைய லேப்டாப் பலவற்றில் இருப்பது டிடிஆர்3எல் என்ற ராம் வகை, 1.35 வோல்ட். அது மட்டுமே ஏற்கும் போர்டில் 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் ஆன் ஆகாது. ராமை போர்டிலேயே சால்டர் செய்து, கூடுதல் ஸ்லாட்டும் தராமல் 4 ஜிபி லேப்டாப் விற்கிறார்களே, அந்தப் புண்ணியவான்களுக்குத் தனியாக ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும்.

இந்த இடத்தில்தான் "ராம் பூஸ்டர்" கோஷ்டி நுழைகிறது. ராம் காலியாகக் கிடப்பதால் யாருக்கு என்ன லாபம்? விண்டோஸ் அதைக் கேஷாக (அடிக்கடி தேவைப்படுவதை எடுத்து வைக்கும் இடமாக) பயன்படுத்தும், வேறு புரோகிராம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். பூஸ்டர் செய்வதெல்லாம் ஓடுகிற புரோகிராம்களின் பக்கங்களை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுவது. அடுத்த நிமிடம் அவை மறுபடி டிஸ்க்கிலிருந்து ஏற வேண்டும். எண் அழகாகக் குறையும், கம்ப்யூட்டர் திணறும்! ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு) கிளீனரும் இதே ஜாதிதான்: வேகம் வராது, ஏதாவது ஒரு மென்பொருள் உடையும். பிரீஃபெட்ச் ஃபோல்டரை அழிக்கச் சொல்லும் வீடியோக்களுக்குக் கணக்கே இல்லை. புரோகிராம் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பை அழித்துவிட்டு, வேகமாகிவிட்டது என்று கைதட்டிக்கொள்கிறார்கள். தற்காலிக ஃபைல்கள் கிடக்கும் டெம்ப் ஃபோல்டரை அழித்தால் இடம் கிடைக்கும். சி டிரைவ் நிரம்பி வழிகிறவர்களுக்கு அது உதவும், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

டிஸ்க்கும் சும்மா, மெமரியும் சும்மா, இருந்தும் மவுஸ் நகரவில்லையா? சிபியு பக்கத்தில் ஸ்பீடு எண்ணைப் பாருங்கள். வேலை கொடுத்த பிறகும் 0.4, 0.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை என்றால் யாரோ கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள். சில லேப்டாப்கள் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் பிராசசரை அடிமட்ட வேகத்தில் பூட்டிவிடும். சரியான வாட் சார்ஜரை மாட்டினால் தெரிந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்து பத்து நிமிடத்தில் சுருண்டால் அது சூடு. ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றடித்து வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் போகும். சிபியு மேல், சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் வைத்தால் போதும். அப்பி வைக்க அது சந்தனம் இல்லை.

அதே சிபியு பக்கத்தில் அப் டைம் (கடைசியாக முழுதாகத் தொடங்கியதிலிருந்து ஓடிய நேரம்) என்று ஒன்று ஓடும். தினமும் ஷட் டவுன் செய்கிறவரின் கம்ப்யூட்டரில் அது இருபது நாள் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாகத் தொடங்குவதில்லை. டிஸ்க்கில் சேமித்து, மறுநாள் அதையே எழுப்புகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகத் துலங்கும். இந்த ஒரு சொடுக்கு போதுமான இடத்தில் எத்தனை ஃபார்மேட் நடந்திருக்குமோ! ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தில் சாட், கேம் லாஞ்சர், பிரின்டர் கம்பெனி உதவியாளர் எல்லாவற்றையும் டிசேபிள் செய்யலாம். இரண்டு ஆன்டிவைரஸ் சேர்ந்து ஓடினால் ஒன்றைக் கழற்றுங்கள், ஒரே ஃபைலை இரண்டும் மாறி மாறி மோந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

எஸ்எஸ்டி வாங்கப் போகிறவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். எம்.2 என்ற சிறு அட்டை வகை வெறும் வடிவம் மட்டுமே. ஸ்லாட் சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இ இணைப்பா என்று போர்டின் கையேட்டில் பார்க்காமல் வாங்கினால், அட்டை அழகாக உட்காரும், பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையில்) பெயர் வராது. 2.5 அங்குல வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை, 7 மிமீ தடிமன், 9.5 மிமீ இடமிருந்தால் இடைவெளியை நிரப்பக் கூடவே ஒரு ஸ்பேசர். மாட்டிய பிறகு அதற்கு டீஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்று சேர்ப்பது) ஓட்டச் சொல்லி ஒருவர் நிச்சயம் வருவார். விண்டோஸ் தானாகவே ட்ரிம் (அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) செய்துகொள்ளும் என்று சொல்லி அவரை அனுப்பிவிடுங்கள்.