பொன்னாடை போதும், போர்டு மீட்டிங்குக்கு வாங்க

கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டத்துக்கு முதல் பெண் சூப்பரின்டென்டென்ட் (அந்த மாவட்டப் பள்ளிகளின் தலைமை அதிகாரி), முதல் கறுப்பினத்தவர், முதல் ஆசியர் என்று அறிவிப்பு வந்தால் இங்கே வாழும் நம்ம தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கைதட்டல் பறக்கும். வரவேற்புக் கூட்டத்துக்குப் பொன்னாடையோடு போவோம், செல்ஃபி எடுப்போம். அதோடு சரி. அடுத்த வருஷம் அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று ஸ்கூல் போர்டு கதவைச் சாத்திக்கொண்டு பேசும்போது ஒருத்தரும் இருக்க மாட்டோம்.

அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் பெண்கள். சூப்பரின்டென்டென்ட்களில் நான்கில் ஒருவரைத் தாண்டுவதே பெரும்பாடு. அதனால் கொண்டாட்டம் நியாயம்தான். ஆனால் இந்த வேலையின் ஆயுள் ஐந்து அல்லது ஏழு பேர் கொண்ட ஸ்கூல் போர்டின் கையில் இருக்கிறது. 4-3 என்று நியமனமானவருக்கு நவம்பர் தேர்தலில் ஒரே ஓர் உறுப்பினர் மாறினால் போதும், கணக்கு தலைகீழ்.

சிகாகோவின் எல்லா ஃபிளாக் யங் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1909-இல் அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் பள்ளிகளுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். 1913 டிசம்பரில் போர்டு அவரை ஓரங்கட்டி, அவருடைய உதவியாளரைத் தேர்ந்தெடுத்தது. நகரத்துப் பெண்கள் திரண்டு கண்டனக் கூட்டம் போட்டார்கள், போர்டை நியமித்த மேயர் அதன் உறுப்பினர்கள் சிலரை வெளியேற்றினார், அதே மாதம் யங் திரும்பி வந்தார். அந்த வருஷம்தான் சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலப் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்திருந்தது. மேயரின் சுறுசுறுப்புக்கு அதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம். இன்னொன்று, யங் ஏற்கெனவே ஆசிரியர் மன்றங்கள் அமைத்து அவர்கள் பேச்சுக்குக் காது கொடுத்தவர். ஆதரவு ஒரே ராத்திரியில் முளைக்கவில்லை.

இன்று பெரும்பாலான ஊர்களில் போர்டை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மேயர் வந்து காப்பாற்ற மாட்டார். அப்போ நாம் பார்க்க வேண்டியது அஜெண்டா.

போர்டுகள் பொதுமக்கள் முன்னால் கூட வேண்டும் என்று சொல்லும் கலிபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரம் முன்னால் வெளியிட வேண்டும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம். அதில் 'குளோஸ்ட் செஷன்' (கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது) பகுதியை முதலில் படியுங்கள். 'பப்ளிக் எம்ப்ளாயி பெர்ஃபார்மன்ஸ் எவாலுவேஷன்: சூப்பரின்டென்டென்ட்' என்று இருந்தால் அது மதிப்பீடு, வருஷத்தில் சில முறை வரும். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று தடவை வந்தால் உள்ளே ஏதோ புகைகிறது. 'டிசிப்ளின், டிஸ்மிஸல், ரிலீஸ்' (ஒழுங்கு நடவடிக்கை, பணிநீக்கம்) என்று வந்தால் அது எந்த ஊழியரைப் பற்றியும் இருக்கலாம்; சூப்பரின்டென்டென்ட் பற்றியது என்று தெரிந்தால் அன்றைக்கே ஆள் திரட்டுங்கள். போர்டு உள்ளே போவதற்கு முன் பொதுமக்கள் பேச உரிமை உண்டு. பல இடங்களில் அது பொதுக்கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும், ஏழு மணிக்கு வருபவர் கோட்டை விடுவார்.

அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைப் பேசினால் போர்டு முடிவெடுக்கவே முடியாது. அந்தந்த உருப்படிக்கே பேச்சாளர் சீட்டு கொடுங்கள். மூன்று நிமிடம் என்பார்கள், கூட்டம் அதிகமானால் ஒரு நிமிடமாகக் குறைப்பார்கள். எந்தப் பகுதி உறுப்பினரின் வாக்காளர் நீங்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். வெளியூர்க்காரர்கள் ஆயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவைவிட அந்த ஒரு வரிக்கு எடை ஜாஸ்தி.

2024 முதல் கலிபோர்னியாச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. காரணம் காட்டாமல் சூப்பரின்டென்டென்டை நீக்கும் முடிவைச் சிறப்புக் கூட்டத்திலோ அவசரக் கூட்டத்திலோ எடுக்க முடியாது. தேர்தலுக்குப் பின் போர்டு முதன்முதலாகக் கூடியதிலிருந்து 30 நாளைக்கும் முடியாது. அந்த 30 நாள்தான் புது உறுப்பினர்களைப் போய்ப் பார்க்க வேண்டிய நேரம்.

ஆதரவு என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அர்த்தமில்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்து, பட்ஜெட்டில் ஓட்டை விழுந்த மாவட்டங்கள்தான் பல நேரம் 'முதல்' ஆளைக் கூப்பிடுகின்றன என்பது என் எண்ணம். பள்ளியை மூடும் பழி அவர் தலையில் விழும். பட்ஜெட்டும், மாணவர்களுக்கான இலக்குகளையும் அதற்கான செலவையும் சொல்லும் எல்சிஏபி திட்டமும் ஜூலை 1-க்குள் நிறைவேற வேண்டும். அதற்காக மக்களிடம் கருத்துக் கேட்கும் பொது விசாரணை ஒரு கூட்டம், ஓட்டெடுப்பு வேறொரு கூட்டம், பெரும்பாலும் இரண்டுமே ஜூனில். அப்போது நம்மில் பாதிப் பேர் ஊருக்கு விமானம் ஏறியிருப்போம். ஏறுங்கள், தப்பில்லை. விசாரணைக்கு முன்னால் கருத்தை மின்னஞ்சலில் போர்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள்.