கிலோ 14 ரூபாய்

அம்மாவின் நாவல்கள் பழைய பேப்பர் கடையில் கிடக்கும் படத்தை ஞாயிற்றுக்கிழமை இங்கே போட்டேன். அதன் கீழ் இதுவரை வந்திருக்கும் கருத்துகளில் பாதி ஆறுதல், மீதி அறிவுரை. அறிவுரை சொன்னவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நடந்தது என்னவென்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் மறுபடி நீட்டப் போவதில்லை. எங்கள் ஊர் வாசகர் வட்டம் நூல் கொடை கேட்டது. அம்மா சேர்த்து வைத்திருந்த மூன்று சாக்கு மாத நாவல்களை, அதாவது மாதாமாதம் கடைக்கு வரும் மலிவு விலைக் கதைப் புத்தகங்களை, ஆட்டோ வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினெட்டாம் நாள் அவை பழைய பேப்பர் கடையில், தராசுக்குப் பக்கத்தில், முட்டை அட்டைகளுக்கு அடியில் கிடந்தன. கிலோ 14 ரூபாய்க்குப் போட்டார்களாம்.

போட்டதைக்கூட மன்னித்துவிடலாம். தொலைபேசியில் கேட்டபோது வந்த பதிலைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை. "நீங்க புத்தகம் தருவீங்கன்னு நெனச்சோமுங்க. பார்த்தா எல்லாம் பாக்கெட் நாவலுங்களா இருக்குது." எவ்வளவு மரியாதையான வாக்கியம் பாருங்கள். 'ங்க' எங்கும் குறையவில்லை. எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒருவரை அவமதிப்பதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் அவமதிப்பார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அவை புத்தகங்கள். அவற்றைப் படித்தவர்கள் வாசகர்கள். இதைச் சொல்வதற்கு ஒரு பதிவு தேவைப்படுகிறது என்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். பல்லடம் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையில் நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் நின்று வேலை பார்த்தார். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது பேருந்து நிலையக் கடையில், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் நாவல்களில் ஒன்றை வாங்கி முந்தானைக்குள் செருகிக்கொண்டு வருவார். வாங்கக் காசில்லாத வாரத்தில் வாடகை நூலகம், ஒரு நாளைக்கு 25 காசு. படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் பேனாவால் இரண்டு வரி எழுதுவார். அது அவருடைய தீர்ப்பு. "40ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது." "தம்பிதான் கொன்றான், பாவம்." "இதில் கதை இல்லை, காசு தண்டம்." அட்டையின் உட்பக்கத்தில், அந்த நாவலை இரவல் வாங்கிப்போன சக தொழிலாளிப் பெண்களின் பெயர்களின் முதல் எழுத்தும், திரும்பி வந்ததற்கு ஒரு டிக்கும் இருக்கும். சில நாவல்களில் பதினோரு டிக் இருந்தது. வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

இனி, "வணிக எழுத்து வாசகரை ஓரிடத்திலேயே கட்டிப் போட்டுவிடும்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா தொடங்கியது துப்பறியும் கதைகள் எழுதும் ராஜேஷ்குமாரிடம். அதற்குக் காரணம் இலக்கியக் கோட்பாடு எதுவுமில்லை, அவர் கோயமுத்தூர்க்காரர் என்பதுதான். முதலில் சிறுகதைகள், 1980இல் மாலைமதி இதழில் 'வாடகைக்கு ஓர் உயிர்' என்ற முதல் நாவல், அப்புறம் இன்றுவரை 1,500க்கும் மேல் எழுதிவிட்ட ஒரு மனிதர், மெட்ராசுக்குக் குடிபோகாமல் நம் ஊரில் உட்கார்ந்துகொண்டே எழுதினார் என்பதில் அம்மாவுக்குச் சொந்தக்காரப் பெருமை இருந்தது. அவர் கதைகளில் துப்பறியும் விவேக்கும் அவன் மனைவி ரூபலாவும் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒன்றுவிட்ட உறவுபோல வந்துபோவார்கள்.

அங்கிருந்து அம்மாவை அடுத்த எழுத்தாளரிடம் அழைத்துப்போனது யார் என்று நினைக்கிறீர்கள்? எந்த விமர்சகரும் இல்லை. வாடகை நூலகக்காரரின் கோணி ஊசி. தனி நாவலாகக் கொடுத்தால் நாலே நாளில் கிழிந்துவிடும் என்பதால் அவர் நாலைந்து நாவல்களைச் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டு, பைண்டு செய்து வைத்திருப்பார். எதோடு எதைச் சேர்ப்பது என்பதில் அவருக்கு எந்தக் கொள்கையும் கிடையாது. கைக்கு வந்ததைத் தைத்தார். அதனால் ஒரு கொலைக் கதைக்காக எடுத்த பைண்டில் இரண்டாவதாக ரமணிசந்திரனின் குடும்பக் கதை இருக்கும், மூன்றாவதாகச் சுபாவின் துப்பறியும் ஜோடி நரேந்திரனும் வைஜெயந்தியும் ஓடிக்கொண்டிருப்பார்கள், நான்காவதாக இந்திரா சௌந்தர்ராஜனின் சித்தர் ஒருவர் மலையிலிருந்து இறங்கி வருவார். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று அம்மா நான்கையும் படித்தார். காதல் கதையே பிடிக்காது என்றிருந்தவர் இரண்டே மாதத்தில் ரமணிசந்திரன் வந்திருக்கிறதா என்று கேட்டு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார். இன்று இணையத்தில் 'உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை' என்று எந்திரம் காட்டுவதெல்லாம் எனக்குப் பிடித்ததைப் போலவே இன்னொன்று. அந்தக் கோணி ஊசி தந்தது அம்மா கேட்காததை.

பெயர்கள் தந்த வேடிக்கை தனி. சுஜாதா பெண் இல்லை, மனைவியின் பெயரில் எழுதும் ரங்கராஜன் என்ற பொறியாளர், சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள், ரமணிசந்திரன்தான் பெண் என்று ஒரே நாளில் தெரிந்தபோது, "ஏன் அம்மிணி, இவங்க கதைக்குள்ளதான் ஆள்மாறாட்டம்னு பார்த்தா வெளியவும் அதேதானா?" என்று அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி புஷ்பா தங்கதுரை. அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டிய கதைகளை அந்தப் பெயரில் எழுதிய அதே மனிதர்தான், ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில், படையெடுப்புக்குத் தப்பித் திருவரங்கத்து உற்சவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களின் கதையைத் 'திருவரங்கன் உலா' என்று எழுதினார். அம்மாவின் தீர்ப்பு அதன் கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: "இரண்டும் ஒரே கை. நம்ப முடியவில்லை. அழுதேன்." ரா.கி.ரங்கராஜனும் (சுஜாதா இல்லை, இவர் வேறு ரங்கராஜன்) அப்படித்தான், குமுதத்தில் உட்கார்ந்துகொண்டு வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு விதமான கதைகளை எழுதித் தள்ளியவர், பிரெஞ்சுக்காரர் ஒருவரின் சிறைத் தப்பிப்புக் கதையைப் 'பட்டாம்பூச்சி' என்று தமிழில் கொண்டுவந்தார். நூற்பாலைப் பெண்கள் தென்னமெரிக்கக் கரையோரத் தீவுச் சிறையைப் பற்றிச் சாப்பாட்டு வேளையில் பேசிக்கொண்டது அதனால்தான். ஓரிடத்தில் கட்டிப் போட்டுவிடுமாம்.

ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தபோது இதழை ஐந்து பேர் பங்கு போட்டு வாங்கினார்கள். ரோபோ என்ற சொல்லை அம்மா அங்கேதான் கற்றார். ஜீனோ என்ற அந்த இயந்திர நாயின் நினைவாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்த நாட்டு நாய்க்கும் அந்தப் பெயர் வைத்தோம். அந்த நாய்க்கு அறிவு கொஞ்சம் குறைவு என்பது வேறு விஷயம்.

"மொழி மோசம், அச்சுப்பிழை, அவசரம்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஒத்துக்கொள்கிறேன். மாதம் நான்கைந்து நாவல் எழுதினால் எல்லாமே தேறாது. அம்மாவே பலவற்றைக் 'காசு தண்டம்' என்று எழுதியிருக்கிறார். ஆனால் இந்த அளவுகோலைக் கையில் எடுப்பவர்கள், தங்கள் அலமாரியில் இருக்கும் கவிதைத் தொகுப்புகளையும் அதே கோலால் ஒருமுறை அளந்து பார்க்கட்டும். பேப்பர் கடைக்கு இன்னும் இரண்டு ஆட்டோ தேவைப்படலாம்.

பெண்களைச் சித்திரித்த விதம் பற்றி ஒரு தோழி எழுதியிருக்கிறார். சரியான கேள்விதான், பல நாவல்களின் அட்டைப்படங்களையே என்னால் ஆதரித்துப் பேச முடியாது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

"இடமில்லை, மக்கிப்போகும் தாள்" என்றும் ஒருவர். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்றொருவர் இருந்தார். பெரிய நூல்களோடு நில்லாமல் நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், மலிவு நாவல் என்று ஊரார் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எந்தத் தாள் நாளைக்குத் தேவைப்படும் என்பதைத் தராசு வைத்திருப்பவர் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. 2008இல் சென்னையில் பிளாஃப்ட் என்ற பதிப்பகம் இதே எழுத்தாளர்களில் சிலருடைய கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பளபளக்கும் அட்டையோடு ஒரு தொகுப்பாகப் போட்டது. நல்ல முயற்சி, மரியாதையோடுதான் சொல்கிறேன். எங்கள் வட்டத்து அலமாரியில் அந்தத் தொகுப்பு இருக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கிறது. நானே பார்த்தேன். ஆக, தமிழில் இருந்தால் 14 ரூபாய், ஆங்கிலத்துக்குப் போய்விட்டு வந்தால் கண்ணாடி அலமாரி. நல்ல கணக்கு. பனியன் கம்பெனியில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கே இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

என் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில், கல்கி இதழிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த 'பொன்னியின் செல்வன்' இருந்தது, மணியத்தின் ஓவியங்களோடு. 1950இல் தொடங்கி 1954 வரை வந்த தொடர். மக்கள் கடை திறக்கும்முன் காத்திருந்து வாங்கிப் படித்த வெகுஜனக் கதை. அதை இன்று யாராவது எடைக்குப் போடுவார்களா? பூஜை அறையில் வைக்கச் சொல்வார்கள். அதற்கும் முன்னால் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி அய்யங்காரும் துப்பறியும் கதைகளால்தான் தமிழ் நாவலுக்குக் கூட்டம் சேர்த்தார்கள். கூட்டம் சேர்ந்த பிறகு வந்து உட்கார்ந்தவர்களுக்கு, பந்தல் போட்டவர்களைப் பார்த்தால் முகம் சுளிக்கிறது.

"அப்படியானால் இலக்கியமே வேண்டாம் என்கிறீர்களா" என்று கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் கொங்குச் சீமைப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்த ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. நான் கல்லூரியிலிருந்து அதை எடுத்துவந்து மேசையில் வைத்திருந்தேன். அம்மா அதையும் ஒரே இரவில் முடித்துவிட்டார். கொழுந்தனாரிடம் நிலத்தில் பங்கு கேட்கும் ஒரு விதவையின் கதை, கொலையில் முடியும். நூலகப் புத்தகம் என்பதால் அதில் எழுதாமல் ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே வைத்திருந்தார்: "யார் கொன்றது என்று தேடும் வேலையே இல்லை. எல்லோருக்கும் தெரிந்தே நடக்கிறது. எங்க ஊரில் நடந்த மாதிரியே இருக்கு." அந்த நாவலைப் பற்றி நான் அதன் பிறகு கட்டுரைகள் படித்திருக்கிறேன், இந்த மூன்று வரியைத் தாண்டி எனக்கு எதுவும் நினைவில் நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான கொலைக் கதைகளைப் படித்துக் கொலையாளியைத் தேடிப் பழகிய ஒரு பெண்ணுக்குத்தான், தேடவே தேவையில்லாத கொலை எவ்வளவு பயங்கரமானது என்பது அப்படிச் சட்டென்று பிடிபடும் என்று நான் நம்புகிறேன். இதை நிரூபி என்றால் என்னிடம் அந்தத் துண்டுத்தாள்கூட இப்போது இல்லை. பின்னால் அதை அம்மாவின் ஏதோ ஒரு நாவலுக்குள் வைத்திருந்தேன். எதில் என்று தெரியாது. மூன்று சாக்கில் ஏதோ ஒன்றில்.

ஆமாம், நான்தான் கொடுத்தேன். "பத்திரமாக வைத்திருக்க வேண்டியதுதானே, ஏன் கொடுத்தீர்கள்" என்று கேட்டவருக்கு: வாடகை வீடு, மேலே ஓட்டில் ஒழுகல், அம்மா போய் ஒன்றரை வருடமாகியும் அந்தச் சாக்குகளை நான் பிரிக்கவில்லை. நான்கு பேர் கையில் புரளட்டும் என்றுதான் கொடுத்தேன். பதினோரு டிக் பன்னிரண்டாகட்டும் என்று நினைத்தேன். பிரித்துப் பார்க்காமல் கொடுத்தது என் தவறு. பிரித்துப் பார்க்காமல் போட்டது அவர்களுடையது.

அமைப்பின் பெயரைச் சொல்லுங்கள் என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவர்களில் சிலர் என் அம்மாவின் இழவுக்கு வந்து உட்கார்ந்தவர்கள்.

நேற்று மாலை மறுபடி பேப்பர் கடைக்குப் போனேன். முதல் லோடு ஏற்கெனவே போய்விட்டது. எஞ்சியதில் அறுபத்தொன்று கிடைத்தது. தாள் மஞ்சளாகிவிட்டது, பின் அடித்த இடத்தில் துரு, சில பக்கங்களுக்கு இடையில் வைண்டிங்கில் பறந்த பஞ்சு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. துண்டுத்தாள் அவற்றில் இல்லை. கடைக்காரர் எடை போடவே மறுத்துவிட்டார், "எடுத்துட்டுப் போங்க அக்கா" என்றார். கல்லாப்பெட்டிமேல் ஒன்று மட்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா கதை. அதையும் எடுக்கப் போனபோது, "அது மட்டும் இருக்கட்டுமுங்க, பாதி படிச்சுட்டேன், நாளைக்குத் தர்றேன்" என்றார்.

கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட வேண்டாம், கொலைகாரன் யாரென்று அம்மா அங்கே பெயர் சொல்லியே எழுதியிருப்பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.