தீவுக்குப் பின்னணி இசை எதற்கு?

சென்னையில் சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் தனிமையைக் கருவாக வைத்து சினிமாவுக்குக் கதை பண்ணிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். 2000-இல் வந்த 'கேஸ்ட் அவே' படத்தை இன்னொரு முறை போடுங்கள். விமான விபத்தில் தப்பி, ஆளில்லாத தீவில் தனியாக மாட்டிக்கொள்ளும் ஒருவனின் கதை அது. இந்த முறை ஹெட்போன் மாட்டி, தீவுக் காட்சிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

அங்கே இசையே கிடையாது. இயக்குநர் ஜெமெக்கிஸும் ஒலி வடிவமைப்பாளர் ராண்டி தாமும் பறவை, பூச்சிச் சத்தத்தைக்கூட விலக்கி வைத்தார்கள். அலை, காற்று, தேங்காய் விழும் 'தொம்', அவ்வளவுதான். வேறு எந்த உயிரும் குரல் கொடுக்காததால்தான் அவன் ஒருத்தன் மட்டுமே இருக்கிறான் என்று நம் காது நம்புகிறது. இசையமைப்பாளர் சில்வெஸ்ட்ரியின் இசை, தெப்பத்தில் தீவை விட்டு அவன் விலகும்போதுதான் எழுகிறது. அதுவரை பட்டினி போட்டதால் அந்தச் சில சுரங்களே நெஞ்சை அடைக்கின்றன. நம் படங்களில் நாயகன் சுவரைப் பார்த்தாலே புல்லாங்குழல் வந்துவிடுகிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

சென்னையில் இப்படி அலையும் காற்றும் மட்டுமான ஒலியைப் பிடிப்பது லேசு இல்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் பகலில் மைக்கை நீட்டினால் காக்காவும் ஹாரனும்தான் பதியும். விடியற்காலை 3 மணிக்குப் போங்கள். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை மட்டும் போட்டால் கடல்காற்று 'டப் டப்' என்று அறையும்; அதன்மேல் ரோம உறையும் வேண்டும். நீர் விளிம்பில் ஒன்று, 20 அடி தள்ளி ஒன்று, 100 அடி தள்ளி ஒன்று என அலையைத் தனித்தனியாக, தலா 10 நிமிடமாவது எடுத்து வையுங்கள். 15 நொடித் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் பார்வையாளர் காது கண்டுபிடித்துவிடும்.

நெருப்பு மூட்டும் காட்சியையும் கவனியுங்கள். கட்டையைத் தேய்க்கிறான், புகை வருகிறது, கனல் பிடிக்கவில்லை. உள்ளங்கைதான் கிழிகிறது. ஆத்திரத்தில் ரத்தக் கையால் வாலிபாலை வீசியெறிகிறான். அந்தக் கறையே பந்துக்கு முகமாகிறது; அதற்கு வில்சன் என்று பெயர் வைத்துப் பேச்சுத்துணை ஆக்கிக்கொள்கிறான். பிறகு குச்சி பிளந்து, இடுக்கில் காற்று புகுந்ததும் பற்றிக்கொள்கிறது. மனசு உடைவதைச் சொல்ல ஒரு வரி வாய்ஸ் ஓவர் இல்லை.

கதாசிரியர் வில்லியம் ப்ராய்ல்ஸ் கதைக்காக மெக்சிகோ கடற்கரையில் சில நாள் தனியாகத் தங்கினார். அங்கே கரை ஒதுங்கிய வாலிபாலிலிருந்துதான் வில்சன் பிறந்தது. உங்கள் கதையிலும் அப்படி ஒரு பொருள் இருக்கட்டும். ஆனால் அது எப்படி உங்கள் நாயகன் கைக்கு வந்தது என்பதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். அவன் அதோடு சண்டை போடட்டும், கோபத்தில் வீசட்டும், பிறகு பதறிப்போய்த் தேடட்டும். அது மட்டும் எந்த ஷாட்டிலும் பதில் பேசக் கூடாது.