அத்தானின் கார், என் கார், அப்பாவின் சோமர்செட்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முந்தி அத்தான் ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கினார். படலையைத் திறந்து உள்ளே வந்தவர் என் சுகம் கேட்கவில்லை. முற்றத்தில் நின்ற என் சுசூகி வேகன் ஆர் காரை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டு, "உது இப்ப என்ன விலை போகுது தம்பி?" என்றார். சொன்னேன். கைபேசியில் டொலருக்கு மாற்றிப் பார்த்தார். நம்பாமல் இன்னொருமுறை மாற்றினார். "உங்களுக்கு விசரே? பத்து வயசுக் கார், 660 சீசீ!"

விசர்தான். 2016 இல் நான் கொடுத்த காசை விட இன்று கூடக் கேட்கிறார்கள். அவருடைய ஊரில் புதுக் கார் விற்பனை நிலையத்தின் வாசலைத் தாண்டினாலே விலை இறங்கத் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் காரும் காணியும் தாலிக்கொடியும் ஒரே கணக்கில்தான். மகளின் படிப்புக்கு எதை விற்பது என்று கணவனும் மனைவியும் இரவிரவாகக் கதைத்தால், பட்டியலில் காரும் இருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். ஐந்து வருடம் புதிதாக ஒன்றும் வராத சந்தையில் பழையதன் விலை வேறெங்கே போகும்?

அன்று பின்னேரம் விறாந்தையில் மாநாடு. ஸ்ருட்கார்ட்டிலிருந்து அண்ணை, ஒஸ்லோவிலிருந்து சித்தப்பாவின் மகன், ரொறன்ரோ அத்தான், நான். அம்மா வடையோடு வந்து வந்து போனார். "எங்கட ஓட்டோபானில 200 இல போவன்" என்றார் அண்ணை. "எங்கட நாட்டில இனிப் பெற்றோல் கார் வாங்கிறவனைப் பாவம் எண்டுதான் பாக்கினம்" என்றான் ஒஸ்லோத் தம்பி. "எங்கட சினோவுக்குள்ள, கொட்டுற பனிக்குள்ள, உங்கட கார் ஒண்டும் அசையாது" என்றார் அத்தான். மூன்று பேரும் 'எங்கட' என்ற சொல்லை ஆளுக்கொரு நாட்டுக்குக் கொடுத்துவிட்டதைக் கவனித்தேன். அம்மா கவனித்தாரோ தெரியாது.

பிறகு எல்லாருமாகச் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். யாழ்ப்பாணத்தில் எல்லாரும் ஏன் ஒரே மாதிரிக் குட்டிக் கார் ஓடுகிறீர்கள், ரசனையே இல்லையா என்று. அந்தக் கேள்விக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வாய்க்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஒரு நாட்டின் கார் ரசனை என்று நாம் பெருமையாகச் சொல்வதில் முக்கால்வாசி, யாரோ ஓர் அதிகாரி மேசையில் இருந்து எழுதிய வரிக் கணக்கு. என் வேகன் ஆரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 'கெய்' என்றொரு வகை உண்டு. நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள், என்ஜின் 660 சீசீக்குள் இருந்தால் வரி குறைவு. அந்தச் சட்டத்தின் அளவுக்குத் தைத்த சட்டைதான் 1993 இல் வந்த வேகன் ஆர். அகலத்தில் கூட்ட முடியாது என்றபடியால் உயரத்தில் கூட்டினார்கள். அதுதான் பார்க்கிறவர்கள் பாண் பெட்டி என்று சிரிக்கும் அந்த உருவம். அங்கே முதல் மூன்று வருடம் கழிந்ததும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காரைப் பெரிய பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவை யோசித்தே பலர் நல்ல காரைக் கைமாற்றி விடுகிறார்கள். அப்படி விட்டது கப்பலேறி இங்கே வருகிறது. இங்கே என்ஜின் அளவைப் பார்த்து வரி. ஜப்பான்காரனின் வரியும் எங்கள் அரசாங்கத்தின் வரியும் கைகுலுக்கிக்கொண்ட இடத்தில் நான் ஒரு கார் வாங்கினேன். இதில் என் ரசனை எங்கே வந்தது? நிறம் மட்டும் நான் தெரிவு செய்தது. அதுவும் இருந்த இரண்டில் ஒன்று.

ஒஸ்லோத் தம்பியின் பெருமையும் அப்படித்தான். 2024 இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 வரை மின்சாரக் கார். உண்மை, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மின்சாரக் காருக்குக் கொள்வனவு வரியை 1990 இலேயே எடுத்துவிட்டார்கள், 2001 இலிருந்து 2022 வரை 25 வீத மதிப்புக்கூட்டு வரியும் இருக்கவில்லை. பெற்றோல் காருக்கோ இரண்டும் உண்டு. இந்தச் சலுகையை எங்கள் சனத்துக்குக் கொடுத்துப் பாருங்கள், அடுத்த வருடமே கொக்குவிலில் பெற்றோல் கார் ஓடுகிறவனைப் பார்த்துப் பாவப்படுவோம்.

கியூபாவின் பழைய அமெரிக்கக் கார்களை எல்லாரும் படமெடுத்துப் போடுகிறார்கள். 1959 புரட்சிக்கு முன் பதிவான கார்களை மட்டும்தான் அங்கே ஆட்கள் தங்களுக்குள் தாராளமாக விற்கலாம், வாங்கலாம் என்ற நிலை 2011 வரை இருந்தது. அமெரிக்கத் தடை ஒரு பக்கம், இந்தச் சட்டம் மறுபக்கம். நடுவில் நசுங்கிய மெக்கானிக்கின் வியர்வையைத்தான் நாம் 'பாரம்பரியம்' என்று சொல்லி லைக் போடுகிறோம்.

அத்தானுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஓடுவது ரொயோட்டா ராவ்-4. 'ஜப்பான் கார்' என்று இங்கே நெஞ்சை நிமிர்த்துகிறார். அது ஒன்ராறியோ தொழிற்சாலையில் செய்த கனடாக் கார். உண்மையான ஜப்பான்காரன் எங்கள் முற்றத்தில்தான் நின்றான்.

சரி, இனிச் சோமர்செட்டுக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

பின்வளவில் தகரக் கொட்டிலுக்குள் நிற்பது அப்பாவின் ஒஸ்டின் ஏ-40 சோமர்செட். 1952 முதல் 1954 வரை மட்டுமே செய்த கார். 1200 சீசீ, 42 குதிரைவலு, கியர் கம்பி ஸ்டியரிங்கின் பக்கத்தில். அப்பா அதை 1974 இல் வாங்கினார், வெங்காயக் காசில். அந்தக் காலத்துக் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். 1970 க்கும் 1977 க்கும் இடையில் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. வெளி வெங்காயமும் மிளகாயும் வராததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. வெளிக் காரும் வராததால் இருபது வயதான சோமர்செட்டுக்கும் நல்ல விலை இருந்தது. ஒரே தடை அப்பாவின் கையில் காசையும் வைத்தது, அந்தக் காசுக்குப் பழைய காரைத் தவிர வேறொன்றும் கிடைக்காமலும் செய்தது. தாத்தா சிரித்தாராம்: "அரசாங்கம் உனக்குத் தந்ததை உன்னட்டையே வேண்டிப் போட்டுது."

அப்பா பகலில் தோட்டம், மற்ற நேரம் ஹயர், வாடகை ஓட்டம். ஆஸ்பத்திரி, கலியாணம், செத்த வீடு, கதிர்காமம். 1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கி வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் போனது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில், அதுவும் பொன் விலையில். அந்த வருடங்களில் புதிய ஜப்பான் கார்கள் ஓலைக்கு அடியில் படுத்துவிட, கிழட்டு ஒஸ்டின்களும் மொறிஸ்களும் எழுந்து நடந்தன.

ஏன் என்று சின்னப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிறேன். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலேசில் ஆவியாகாது, அழுத்தம் கூடினால் தானாகவே பற்றி என்ஜினைத் தட்டும். என் வேகன் ஆர் தன் சிலிண்டருக்குள் காற்றைப் பதினொரு மடங்கு அளவில் அமுக்குகிறது. சோமர்செட் ஏழு மடங்குதான். அந்தச் சோம்பேறி என்ஜின் எதையும் சகித்துக்கொள்ளும். இங்கிலாந்திலேயே பெர்குசன் ட்ராக்டர்களில் ஒரு வகை பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய் மாதிரியான மலிவு எண்ணெய்க்கு மாறும்படிதான் செய்தார்கள். எங்கள் மெக்கானிக்மார் அதைப் படித்துச் செய்தார்களா, தாங்களாகவே கண்டுபிடித்தார்களா, யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

அப்பாவின் ஏற்பாடு இது: பொனெட்டுக்குள் ஒரு சின்னத் தகர டின், அதில் ஒரு கோப்பை அளவு பெற்றோல், ஒரு குழாய், ஒரு பித்தளைத் திருகு. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ண வேண்டும். என்ஜின் கொதிக்கும் வரை பொறுத்துத் திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். நிற்பாட்ட முன்னம் மறுபடி பெற்றோலுக்கு. மறந்தால் காபுரேட்டருக்குள் மண்ணெண்ணெய் தங்கிவிடும், அடுத்த நாள் காலை அது எழும்பாது. இருந்த பழைய பற்றறிக்குப் பலம் இல்லாததால் முன்பக்கம் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுற்றுவது அண்ணையின் வேலை. பின்னால் நின்று தள்ளுவது என் வேலை. புகை வெள்ளையாக வரும். பின்னால் சைக்கிளில் வருகிறவர் இருமிக்கொண்டே ஏசுவார். மண்ணெண்ணெய் வழிந்து என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கும் என்பதால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்ற ஒயில் எங்கே? வடித்து வடித்து அதையே விட்டோம். பள்ளிக்கூடத்தில் என் சட்டை மணத்தை வைத்தே யாருடைய பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரைச் சூழ்ந்த வலிகாமம் முழுக்க வீதிக்கு இறங்கியபோது அந்தக் காருக்குள் ஆச்சி, அம்மா, இரண்டு அயல் வீட்டுப் பிள்ளைகள், ஒரு தையல் மெசின். நாவற்குழிப் பாலத்தை நோக்கி நாங்கள் நடந்தோம், கார் எங்களோடு நடந்தது. உண்மையில் சனம் காரை முந்திப் போனது. மழையில் அப்பா திருகை மாற்ற மறக்கவே இல்லை என்பது மட்டும் நல்ல ஞாபகம்.

அண்ணை அதற்கு மூன்று வருடம் முன்னமே ஜேர்மனிக்குப் போய்விட்டார். அதனாலோ என்னவோ, சோமர்செட்டில் அதிகப் பாசம் அவருக்குத்தான். "வித்துப்போடாதை, அது எங்கட வரலாறு" என்று வருடத்துக்கு மூன்று தடவை எழுதுவார். ஜேர்மனியில் முப்பது வயது தாண்டிய, நல்ல நிலையில் உள்ள காருக்கு இலக்கத் தகட்டின் கடைசியில் 'எச்' எழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள், வருட வரி 191 யூரோ சொச்சம். வரலாற்றுக்கு ஓர் எழுத்து, ஒரு சலுகை. இங்கே வரலாற்றுக்குப் பிரேக் சாமான் தேடி நான் ஸ்டான்லி வீதியில் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். அங்கே இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தை. அங்கும் இல்லையென்றால் கோண்டாவில் கடைசல்காரர் பித்தளையில் கடைந்து தருவார், அதற்கும் மாதக் கணக்கில் காத்திருப்பு. போன முறை செலவுக் கணக்கை அண்ணைக்கு அனுப்பினேன். கட்டை விரல் ஒன்று வந்தது.

இதை எழுதியதற்கு அவர் கோபிப்பார். பரவாயில்லை, அண்ணைதானே.

வெளிநாட்டவரின் ஏக்கத்தைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. ஆனால் தடைக்காலத்தில் வேறு வழியில்லாமல் செய்ததை 'யாழ்ப்பாணக் கார் கலாசாரம்' என்று சட்டம் போட்டு மாட்டும்போது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ உரசுகிறது. அப்பாவிடம் அன்று ஒருவர் புது ரொயோட்டாவும் பீப்பாய் நிறையப் பெற்றோலும் தந்திருந்தால், சோமர்செட்டைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார். போரில் மூடிக் கிடந்த, எங்களைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை 2002 சித்திரையில் திறந்ததும் அவர் முதலில் விசாரித்ததே ஒரு டீசல் வானின் விலையைத்தான்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் இன்னொரு கூத்து. கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. பதிவுப் புத்தகத்தில் சோமர்செட்டும் கார்தானே! கொட்டிலில் நின்றபடியே அது தன் பங்கைப் பெற்றது, நான் ரியூப் போட்டு உறிஞ்சி அதை வேகன் ஆருக்கு விட்டேன். எழுபது வயதில் பென்சன் எடுத்துப் பேரனுக்குக் கொடுத்த மாதிரி. அந்த முறை மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஆவணியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ஆனது. கடற்தொழிலாளர் பட்ட பாட்டைப் பார்த்தபோது அப்பா இல்லாதது நல்லது என்றுகூட நினைத்தேன்.

முக்கால்வாசி வரிக் கணக்கு என்றேன். மீதிக் கால்வாசி?

அது தகட்டில் கொஞ்சம் இருக்கிறது. சோமர்செட்டின் தகட்டில் இருப்பது பழைய ஆங்கில எழுத்து. 1957 இல் சிங்கள ஸ்ரீ எழுத்தைத் தகடுகளில் கொண்டுவந்தபோது யாழ்ப்பாணத்தில் அதை அழித்துத் தமிழில் ஸ்ரீ எழுதினார்கள். அடுத்த வருடக் கலவரத்தில் அந்த ஓர் எழுத்தோடு சேர்ந்து எவ்வளவோ எரிந்தது. அப்பா அந்தத் தகட்டுக்கு மட்டும் தன் கையாலேயே கறுப்பு வெள்ளை பூசுவார். ஏன் என்று சொன்னதில்லை.

இன்னும் கொஞ்சம் முறிகண்டியில் இருக்கிறது. ஏ-9 இல் போகிற எந்த வாகனமும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் தாண்டாது. கெய் காரோ, கொள்கலன் லொறியோ, கொழும்பு சொகுசு பஸ்ஸோ, எல்லாம் நிற்கும். இந்த முறை ஒஸ்லோத் தம்பியும் இறங்கி உடைத்தான். தேங்காய் இரண்டாகப் பிளக்காமல் உருண்டு ஓடியது, பக்கத்து லொறிச் சாரதி எடுத்துக் கொடுத்து, "பலமா எறியுங்கோ தம்பி" என்றார். பிறகு எல்லாரும் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். இதற்கு எந்த வரிச் சலுகையும் இல்லை.

எல்லாரும் திரும்பிப் போய் ஒரு மாதம் இருக்கும். நேற்றிரவு அத்தானிடமிருந்து குரல் செய்தி. "தம்பி, பதினைஞ்சு வருசம் தாண்டின கார் எண்டால் இங்க பெரிய கரைச்சல் இல்லாமல் இறக்கலாமாம். சோமர்செட்டுக்கு என்ன கேப்பாய்?"

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்:

"அந்தச் சினோவுக்குள்ள ஆர் தள்ளுறது?"